அந்த வெளிச்சம் சத்தம் போடுமா, மாமா?

அல்பெர்கேரியா, பலேர்மோ, இத்தாலி
10.10.1993

அன்புள்ள தம்பி ஸ்ரனிஸ்லாசுக்கு,

மாதாவின் காவலில் நானும் அத்தானும் மொனிகாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். அங்கே குளிர் தொடங்கியிருக்கும். போன மாரியில் உன்னை ஆசுப்பத்திரியில் கிடத்திய அந்தக் காய்ச்சல் திரும்ப வராமல் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் குரலைக் கேட்டுப் பத்து மாதம். போன மார்கழியில் நத்தாருக்குக் கதைத்ததுதான் கடைசி. கடிதம் மட்டும் ஒழுங்காக வருகிறது. அதுவரைக்கும் சந்தோசம்.

இப்போது ஒரு நல்ல விஷயம் எழுதுகிறேன். ஊரில் வங்காலையைச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி இங்கே இருக்கிறாள். பெயர் றோசமலர், வயது இருபத்தேழு. ஒரேத்தோத் தெருவில் ஒரு வயதான இத்தாலியச் சிஞ்ஞோறாவின் வீட்டில் தங்கி அவவைப் பார்க்கிறாள். ஞாயிறு பூசையில் பழக்கம். உன் படத்தைக் காட்டினேன், அவளுடைய படத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீ எனக்கு எழுதிய கடைசி இரண்டு கடிதங்களையும் வாசிக்கக் கொடுத்தேன், கோபிக்காதே. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, "அக்கா, எனக்கு ஓம். ஆனா ஒருக்கால் ரெலிபோனிலை அவரோடை கதைக்க ஆசையாக் கிடக்கு" என்றாள். அவளுடைய தமையன் ஸ்ரீபனும் அதையே சொல்கிறான். எங்கள் வீட்டுக்கு இப்போது ரெலிபோன் வந்துவிட்டது. இது கிடைத்த அடுத்த ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு எடு. அவள் வந்திருப்பாள்.

மொனிகா பள்ளிக்கூடத்தில் துருவ ஒளியைப் பற்றிப் படித்தாளாம். அது சத்தம் போடுமா இல்லையா என்று ஆசிரியைக்கே தெரியாதாம். "மாமா அங்கைதானே இருக்கிறார், அவர் சொல்லுவார்" என்று வகுப்பில் கையை உயர்த்திவிட்டு வந்திருக்கிறாள். அவளுக்கும் ஒரு வரி எழுது.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அக்கா எமிலியானா


வார்டோ, நோர்வே
2.11.1993

அன்புள்ள அக்கா, அத்தான், மொனிகாக்குட்டிக்கு,

நான் சுகம். காய்ச்சல் ஒன்றும் இல்லை. உங்கள் சுகத்துக்காக ஒவ்வொரு இரவும் செபிக்கிறேன்.

றோசமலரின் படம் கிடைத்தது. மேசையில் வைத்திருக்கிறேன். என்னோடு அறையில் இருக்கும் இராஜதுரை, நீ படத்தைப் பார்த்துக்கொண்டே சோற்றைக் கரியவிடுகிறாய் என்று பகிடி பண்ணுகிறான். அக்கா, எனக்கு நல்ல விருப்பம். அதை மறைக்க மாட்டேன்.

ரெலிபோன்தான் கரைச்சல். எங்கள் விடுதியில் நடைவழியில் ஒன்றே ஒன்று இருக்கிறது. அது பழுது. அதோடு மீன் தொழிற்சாலையில் எனக்கு ஞாயிறும் வேலை வருகிறது. முதலில் நாங்கள் கடிதம் எழுதிப் பழகுகிறோமே? முதல் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், அவளிடம் கொடுங்கள்.

மொனிகா, நீ கேட்டது நல்ல கேள்வி. பச்சைத் துணியைக் காற்றில் உதறியது போல அது வானம் முழுக்க ஆடும். சத்தம் பற்றி இங்கேயும் சண்டைதான். எங்களோடு மீன் வெட்டும் ஒரு வயதான நோர்வேக்காரி, தான் சின்ன வயதில் கேட்டதாகச் சொல்கிறா. பட்டுச்சேலை உரசுவது போல, மெல்லிய வெடிப்புகளோடு. மற்றவர்கள் அது காலடியில் பனி நொறுங்கும் சத்தம் என்கிறார்கள். மாமாவும் கேட்டிருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன்.

அன்பு மாறாத தம்பி
ஸ்ரனிஸ்


பலேர்மோ
28.11.1993

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உனக்கும் அதே சுகத்தைத் தேவன் தரட்டும்.

றோசமலருக்கு நீ எழுதிய இரண்டு கடிதங்களும் கிடைத்தன. எனக்குக் காட்டவில்லை. ஆனால் பல்லறோச் சந்தையில் கீரை வாங்கும்போது தானாகவே சிரித்துக்கொண்டு நின்றாள்.

உங்கள் ரெலிபோன் பழுது இல்லை, தம்பி. மூன்று ஞாயிறு எடுத்தோம். மூன்று தரமும் இராஜதுரை எடுத்து, நீ வேலைக்குப் போய்விட்டாய் என்றான். மூன்றாம் தரம் அவனுடைய குரல் ஒரு மாதிரி இருந்தது. உனக்கு வெட்கமா? ஒரு "ஹலோ" சொல்வதற்கு என்ன?

மொனிகா உன் கடிதத்தை இத்தாலியனில் மாற்றி வகுப்பில் வாசித்தாள். "நினைக்கிறேன் எண்டால் என்ன? கேட்டாரா, இல்லையா?" என்று பிள்ளைகள் சிரித்தார்களாம். அழுதுகொண்டு வந்தாள். அந்தச் சத்தத்தை ஒரு கசெற்றில் பதிந்து அனுப்பச் சொல்கிறாள். முடிந்தால் செய்.

அக்கா


வார்டோ
19.12.1993

அன்புள்ள அக்கா குடும்பத்தாருக்கு,

பாலன் பிறப்பின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக. நான் நல்ல சுகம்.

இங்கே சூரியன் மறைந்து மூன்று கிழமைக்கு மேலாகிறது. மத்தியானத்தில் கொஞ்சம் நீலம் தெரியும், பிறகு இருட்டு. பின்னேரம் நாலு மணிக்கே துருவ ஒளி வந்துவிடும். மொனிகா, இராஜதுரையின் ரேப் ரெக்கோடரை இரவல் வாங்கிவிட்டேன். காற்றில்லாத நாள் பார்த்துப் பதிகிறேன்.

அக்கா, எனக்குத் தொண்டை கட்டிப்போயிருக்கிறது. இந்தக் குரலோடு முதல்முதல் கதைக்க வேண்டாம் என்று பார்க்கிறேன். றோசமலரிடம் கோடை வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை எவ்வளவு வடிவாக எழுதுகிறாள் தெரியுமா? வங்காலைக் கடற்கரையை இரண்டு பக்கத்தில் எழுதியிருக்கிறாள்.

தம்பி
ஸ்ரனிஸ்


பலேர்மோ
16.1.1994

தம்பி,

நாங்கள் இருக்கிறோம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

போன ஞாயிறு, ஒன்பதாம் தேதி, நாலு மணிக்கு மீண்டும் எடுத்தோம். றோசமலர் எனக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தாள். புதுச் சட்டை போட்டிருந்தாள். ரெலிபோனுக்கு எதற்குப் புதுச் சட்டை என்று நான் கேட்கவில்லை. இராஜதுரை, "அக்கா, ஆள் பின்னாலை கடற்கரையிலைதான் நிக்குது. வையாதேங்கோ, கூட்டிக்கொண்டு வாறன்" என்று ஓடினான். பத்து நிமிடம் றிசீவரைக் காதில் வைத்திருந்தேன். பிறகு வந்து, "ஆளைக் காணேல்லை, அக்கா" என்றான். பொய் என்று அவனுடைய மூச்சிலேயே தெரிந்தது. றோசமலர் எழும்பி, "பறவாயில்லை அக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று போய்விட்டாள்.

ஸ்ரீபன் நேற்று வந்து கத்தினான். "குரல் காட்டாத மாப்பிள்ளைக்கு அங்கை ஒருத்தி இருக்கிறாள். என்ரை தங்கச்சியைக் கடிதத்தாலை ஏமாத்தவேண்டாம்." நானும் உன்னைக் கேட்கிறேன். அங்கே ஒருத்தியோடு இருக்கிறாயா?

மாசி இரண்டாம் தேதி வரைக்கும் பார்ப்போம். அதற்குள் நீ கதைக்காவிட்டால் இந்தப் பேச்சு முடிந்தது.

எமிலியானா


வார்டோ
8.2.1994

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்ரீபன் சொன்னது சரி. இங்கே எனக்கு ஒருத்தி இருக்கிறாள். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். றோசமலருக்கு நல்ல இடம் பாருங்கள். என் கடிதங்களை எரித்துவிடச் சொல்லுங்கள். அவளுடையவற்றை நான் எரித்துவிட்டேன்.

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் செபிக்கிறேன்.

ஸ்ரனிஸ்லாஸ்


பலேர்மோ
20 மார்ச் 1994

அன்பு மாமா,

நான் மொனிகா. சுகமா? நான் சுகம். தமிழ் வகுப்பில் எனக்கு 8 புள்ளி. பிழை இருந்தால் sகூசி, மன்னிக்கவும்.

அம்மா உங்களுக்கு எழுத மாட்டாவாம். உங்கட பேரைச் சொன்னால் குசினிக்குப் போறா. அப்பா சியாகுல்லித் தோட்டத்தில் மந்தரீன் பழம் ஆய்கிறார், பிந்தித்தான் வாறார். றோசமலர் அன்ரிக்கு ஈஸ்ரர் முடியக் கலியாணம். மாப்பிள்ளை கத்தானியாவில் இருக்கிற விமலராஜ் அங்கிள். நான் பூ பிடிக்கவேணும்.

மாமா, கசெற் எங்கே? நீங்கள் பொய் சொல்ல மாட்டீங்கள் என்று நான் மாயெஸ்த்றாவிடம், அதுதான் எங்கட ரீச்சரிடம், சொன்னேன்.

முத்தங்கள்
மொனிகா


வார்டோ
18.4.1994

என் செல்ல மருமகள் மொனிகாவுக்கு,

உன் கையெழுத்தைக் கண்டதே எனக்குப் பெரிய சுகம். பிழை ஒன்றும் இல்லை. "ஸ்கூசி" என்று எழுதவேண்டும், அவ்வளவுதான்.

இதோ கசெற். தை மாதமே பதிந்துவிட்டேன். அனுப்பத்தான் மனம் வரவில்லை. அன்றைக்குக் காற்றே இல்லை. ஒளி தலைக்கு நேர் மேலே நின்றது, சாம்பிராணிப் புகை போல. நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன், நீ கேள். பிறகு அதில் என்ன கேட்கிறது என்று மாமாவுக்கு எழுது. சின்னச் சத்தமாக இருந்தாலும் விடாமல் எழுது. இது மாமாவுக்கு மிகவும் முக்கியம்.

கலியாணத்தில் நல்ல வெள்ளைப் பூவாகப் பிடி.

மாமா


பலேர்மோ
8.5.1994

என் தம்பி, என் ராசா,

உனக்கு என்ன சுகம் கேட்பேன் நான்? எப்படிக் கேட்பேன்?

கசெற் போன திங்கள் வந்தது. றோசமலரின் கலியாணம் அதற்கு ஒன்பது நாள் முந்தி முடிந்துவிட்டது. நான் கேட்க மாட்டேன் என்றுதான் இருந்தேன். மொனிகா குசினி மேசையில் வைத்துப் போட்டுவிட்டாள். அத்தானும் வேலையால் வந்து நின்றார்.

முதலில் உன் குரல். "மொனிகா, மாமா கதைக்கிறன்" என்று சந்தையில் மீன் கூவுகிறவன் போல அவ்வளவு உரத்து. மொனிகா சத்தத்தைக் குறைத்தாள். பிறகு நீ வாயை மூடினாய். உன் மூச்சு. தூரத்தில் ஒரு மோட்டர். கிட்டவாக ஒரு நாய் விடாமல் குரைத்தது. நீ அதை விரட்டவில்லை. மொனிகா ரேப்போடு காதை ஒட்டிக்கொண்டு, "ஸ்ஸ் எண்டு கேக்குது, அம்மா!" என்றாள். அத்தான், "அது கசெற் ஓடுற சத்தம், பிள்ளை" என்றார்.

அதற்குப் பிறகுதான் இராஜதுரையின் குரல் வந்தது. "ஸ்ரனிஸ்! ஸ்ரனிஸ்! அக்கா லைனிலை நிக்கிறா!" ஒன்பது தரம் கூப்பிட்டான், நான் எண்ணினேன். ஒவ்வொரு தரமும் கிட்டக் கிட்ட வந்தது. கடைசியாக உன் தோளில் கை வைத்திருப்பான். நீ, "ஐயோ, பயந்துபோனன்! கொஞ்சம் பொறு, இதை நிப்பாட்டிப்போட்டு வாறன்" என்றாய். பொத்தான் அமரவில்லை, தம்பி. அமர்ந்தால் "டக்" என்று கேட்கும். கசெற் ஓடிக்கொண்டே இருந்தது.

மிச்சத்தை நீங்கள் இரண்டு பேரும் கதைத்தபடியே எழுதுகிறேன்.

"லைற்றை உன்ரை முகத்துக்குப் பிடி. வாய் தெரியேல்லை."

"அக்கா போனிலை. றோசமலரும் பக்கத்திலை நிக்கிறாவாம்."

"என்ன? மெள்ளச் சொல்லு."

"றோ-ச-மலர்."

நீ இரண்டு அடி தள்ளி நடந்தாய், காலடியில் பனி நொறுங்கியது. பிறகு, "காணேல்லையெண்டு சொல்லு, மச்சான். நான் என்னத்தைக் கதைக்க? அவ சொல்லுறது எனக்குக் கேக்குமே? என்னைக் கட்டி அந்தப் பிள்ளை காலம் முழுக்க ஊமைப்படம் பாக்கிறதோ?"

பிறகு நீ கேட்டாய், "சரி, அதை விடு. மேலை பார். உனக்கு ஏதும் கேக்குதோ? மொனிகாவுக்குப் பொய் எழுத ஏலாது."

"ஒண்டும் கேக்கேல்லையடா."

"வடிவாக் கேள்."

அந்த நேரம் நான் இங்கே றிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அத்தான் கசெற்றை நிற்பாட்டிவிட்டு வெளியே போய்ப் படியில் இருந்தார். மொனிகா, "மாமாவுக்குக் காது கேக்காதா?" என்றாள். நான் ஓம் என்றேன்.

எப்போது, தம்பி? எப்படி? எனக்கு ஏன் சொல்லவில்லை? உன்னை ஏசி எழுதிய கையால் இதை எழுதுகிறேன்.

உன் அக்கா


வார்டோ
19.6.1994

என் அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு சுகம். இனி உங்களுக்கு நான் பொய் எழுதத் தேவையில்லை என்பதால் மனமும் கொஞ்சம் சுகம். பதில் பிந்தியதற்குக் குறை நினைக்காதீர்கள். ஆறு தரம் எழுதிக் கிழித்தேன்.

இடக்காது ஊரிலேயே போய்விட்டது, தொண்ணூறில் எங்கள் ஒழுங்கைக்குள் ஷெல் விழுந்தபோது. நீங்கள் அப்போது பலேர்மோவில். ஒரு காது போதும்தானே என்று சொல்லாமல் விட்டேன். வலக்காதை இங்கே, போன வருஷம் மாசியில், அந்த மூளைக்காய்ச்சல் எடுத்தது. பன்னிரண்டு நாள் கிடந்தேன். கண் விழித்தபோது தாதி வாயை அசைத்தா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறா என்று நினைத்தேன். கண்ணாடி இருக்கவில்லை. இனி வராது என்று டொக்ரர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்.

தொழிற்சாலையில் எல்லோரும் காதுமூடி போட்டுக் கைச்சாடையில்தான் வேலை செய்கிறோம். அங்கே நானும் மற்றவர்களும் ஒன்றுதான். அதனால் என்னால் இவ்வளவு காலமும் சமாளிக்க முடிந்தது.

றோசமலருக்குச் சொல்ல எத்தனை தரம் பேனை எடுத்தேன்! சொன்னால் இரக்கப்பட்டு ஓம் என்பாள், பிறகு காலம் முழுக்கக் கஷ்டப்படுவாள். சொல்லாவிட்டால் என்னை வெறுத்துவிட்டு நன்றாக இருப்பாள். இரண்டாவதுதான் சரி என்று பட்டது. இங்கே எனக்கு ஒருத்தியும் இல்லை, அக்கா. அவளுடைய கடிதங்களையும் எரிக்கவில்லை.

மொனிகாவுக்கு உண்மை சொல்ல வேண்டும். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மார்கழியில், ஒரு காது இருந்தபோது, அதே கடற்கரையில் நின்றேன். ஒளி வந்தது. நெருப்பில் உப்புப் போட்டது போலச் சின்னச் சின்னதாய் ஒரு சத்தம் கேட்டது. இரண்டு மாதத்தில் அந்தக் காதும் போனது. நான் கேட்டது ஒளியின் சத்தமா, என் காது கெட்டுப்போகத் தொடங்கிய சத்தமா? எனக்குத் தெரியாது. அதை அறியத்தான் கசெற்றில் பதிந்தேன். "எனக்குத் தெரியாது" என்பதுதான் மாமாவின் பதில் என்று ஆசிரியையிடம் சொல்லட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். றோசமலருக்கு இது தெரியுமா? தெரியவேண்டாம். நான் செய்தது சரிதானா, அக்கா? அந்தப் பிள்ளையின் வாழ்க்கையை நான் கெடுக்கவில்லைத்தானே? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

உங்கள் தம்பி
ஸ்ரனிஸ்


கத்தானியா
11.8.1994

அன்பின் எமிலியானா அக்காவுக்கு,

நானும் இவரும் தேவ கிருபையால் சுகம். நீங்கள், அருளையா அண்ணை, மொனிகா எல்லோரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

சாந்தா றொசாலியா திருநாளுக்கு வந்தபோது சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டதற்கு மன்னியுங்கள். மொனிகா சின்னப்பிள்ளை, அவளை ஏச வேண்டாம். "மாமாவுக்குக் காது கேக்காது, அதுதான் உங்களோடை கதைக்கேல்லை" என்று அவள் சொன்னபோது உங்கள் குசினியில் கிடந்த கோப்பைகளை எல்லாம் கழுவினேன். கழுவியவற்றையே திரும்பவும் கழுவினேன்.

உங்களுக்கு நான் ஒன்று சொன்னதில்லை, சொல்ல அதில் என்ன இருக்கிறது என்று விட்டேன். ஒரேத்தோவில் நான் பார்த்த சிஞ்ஞோறாவுக்கு இரண்டு காதும் கேட்காது. மூன்று வருஷம் அவவோடு இருந்தேன். வெளிச்சத்தில் முகத்துக்கு நேரே நின்று ஆறுதலாகச் சொன்னால் எல்லாம் விளங்கும். கோபம் வந்தால் கண்ணை மூடிவிடுவா. அதோடு சண்டை முடிந்தது. நாங்கள் இரண்டு பேரும் பிறகு சிரிப்போம். எனக்கு அது ஒரு பாரமாகவே இருக்கவில்லை.

அந்த வீட்டில் நாள் முழுக்கச் சத்தம் இல்லாததால்தான் ஒரு குரலைக் கேட்க ஆசைப்பட்டேன். ஆசைதான், அக்கா. நிபந்தனை வைத்தது அண்ணன், நான் இல்லை. உங்கள் தம்பி ஒரு வரி எழுதியிருந்தால் போதும், நான் ஓம் என்றிருப்பேன். இரக்கத்தால் இல்லை. அவருடைய கடிதங்களுக்காக.

இவர் நல்ல மனிதர். ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தை மாதம் பிள்ளை கிடைக்கும்.

இதை அவருக்கு எழுத வேண்டாம். எனக்கு ஒன்றும் தெரியாது என்றே அவர் இருக்கட்டும். வாசித்ததும் இந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள்.

உங்கள்
றோசமலர்


பலேர்மோ
2.10.1994

அன்புள்ள தம்பி ஸ்ரனிசுக்கு,

எங்களுக்குச் சுகத்தில் ஒரு குறையும் இல்லை. உன்னையும் தேவன் அப்படியே காப்பார். உன் கடிதத்துக்கு மூன்றரை மாதம் கழித்துப் பதில் எழுதுகிறேன். வதிவிட அனுமதியை, அந்தப் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் குவெஸ்தூறாப் பொலிஸ் அலுவலகத்தில் நாள்கணக்காக வரிசையில் நின்றேன், அதனால்தான். வேறொன்றும் இல்லை.

நத்தாருக்கு நீ இங்கே வரவேண்டும். அத்தான் உன்னைக் கூட்டிவர ரோமாபுரிக்கே வருவார். மொனிகா கண்ணாடிக்கு முன்னால் நின்று, சத்தம் போடாமல் வாயை மட்டும் அசைத்துப் பழகுகிறாள். என்னையும் விடுகிறாள் இல்லை. "அம்மா, நீங்கள் உதட்டைக் கடிச்சுக் கதைக்கிறீங்கள், மாமாவுக்கு விளங்காது" என்று பிழை பிடிக்கிறாள். பள்ளிக்கூடம் தொடங்கியதும் உன் பதிலை ஆசிரியையிடம் சொன்னாள். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லையாம். ஆனால் தான் கேட்டது கசெற்றின் சத்தம் இல்லை, ஒளியின் சத்தம்தான் என்று இன்னும் அத்தானோடு வாதாடுகிறாள்.

றோசமலரைப் பற்றிக் கேட்டிருந்தாய். திருநாளுக்கு வந்திருந்தாள். நல்ல சந்தோசமாக இருக்கிறாள். விமலராஜ் தங்கமான மனிதர். தை மாதம் பிள்ளை பிறக்கப்போகிறது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. உன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பழசை எல்லாம் மறந்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். சிரித்துக் கதைத்துவிட்டு, என் குசினிக் கோப்பைகளையும் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

நீ செய்தது சரிதானா என்று கேட்டாய்.

சரிதான், தம்பி. நீ செய்தது சரிதான்.

அன்பு முத்தங்களோடு
உன் அக்கா எமிலியானா